கிங்ஸ்டன் கேசட்டில் கேட்கும் 50 ஹெர்ட்ஸ்: பழைய ரெகே நேரடிப் பதிவுகளை மாற்றுவதும் பகிர்வதும்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஜமைக்காவிலிருந்து வந்தவர். அவருடைய அண்ணன் சேர்த்து வைத்திருந்த 38 கேசட்டுகளை என்னிடம் கொடுத்திருக்கிறார். 1979 முதல் 1986 வரை ஜமைக்காத் தலைநகர் கிங்ஸ்டனில் நடந்த ரெகே சவுண்ட் சிஸ்டம் ஆட்டங்கள், சில லண்டன் கச்சேரிகள், ரேடியோவிலிருந்து பிடித்த ஓரிரண்டு. சிலவற்றில் ஒலி மந்தமாக இருக்கிறது. சிலவற்றில் குரல் கீச்சென்று வேகமாக ஓடுகிறது. இவற்றை எப்படி ஒழுங்காக டிஜிட்டலுக்கு மாற்றுவது? மற்ற சேகரிப்பாளர்களோடு எப்படிப் பகிர்வது? சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: எந்த கேசட்டையும் டெக்கில் போடுவதற்கு முன்னால், அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். அதன்பிறகு கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது. அடுத்து, அட்டை, லேபிள், கேசட்டின் இரு பக்கங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் உள்மடிப்பில் பென்சிலால் கிறுக்கியிருக்கும் ஒற்றை ஊர்ப் பெயர்தான் பின்னால் பெரிய துப்பாக உதவும்.

உங்களிடம் இருப்பதில் அரிதானவை சவுண்ட் சிஸ்டம் கேசட்டுகள்தான். தெருவிலோ முற்றத்திலோ ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கி, செலக்டர் இசைத்தட்டைப் போட, டிஜே மைக்கைப் பிடித்து அந்த நிமிஷத்தில் தோன்றியதைப் பாடுவார். அந்த வரிகளில் பல எந்த ஸ்டூடியோவுக்கும் போனதில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர் ரெக்கார்டரை ஓட விட்டதால் மட்டுமே அவை இன்று இருக்கின்றன. பெரிய கலைஞர்களின் கச்சேரிகளுக்கு வேறு வழிகள் உண்டு. லண்டன் கென்சல் ரைஸில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் ஈரத்தில் கிடந்த, ரெகே பாடகர் பாப் மார்லியின் 1970களின் கச்சேரி ரீல்கள் 13இல், ஒரு வருஷ ஸ்டூடியோ உழைப்பால் 10 மீண்ட செய்தி 2017இல் வந்தது. சவுண்ட் சிஸ்டம் கேசட்டுக்கு அப்படி மூலப் பிரதி எங்கும் கிடையாது. ஆகவே முதல் மாற்றத்தில் எதையும் "சரி செய்யாதீர்கள்". டேப்பில் இருப்பது அப்படியே கணினிக்குள் போகட்டும். திருத்தமெல்லாம் நகலில்.

டெக் நல்லதாக இருக்க வேண்டும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. யூஎஸ்பி ஒயரோடு வரும் மலிவுக் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் டேப்பின் வேகம் அலையும், அந்த அலைவைப் பின்னால் எடுப்பது மிகக் கடினம். சர்வீஸ் செய்த பழைய ஸ்டீரியோ டெக், டெக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோக லைன்-இன் உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆடாசிட்டி மென்பொருள், இவை போதும். ஒவ்வொரு நாலைந்து கேசட்டுக்கும் ஒருமுறை, நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சில் பழுப்புக் கறை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

வருஷக்கணக்காகச் சுற்றியே கிடந்த 60, 90 நிமிட கேசட்டுகளை ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றிவிட்டுப் போடுங்கள். 120 நிமிட கேசட்டில் இதைச் செய்யாதீர்கள். அதன் நாடா தடிமன் 9 மைக்ரான்தான், வேகமாகச் சுற்றினால் மடியும், இழுபடும். நாடாவுக்குப் பின்னால் ஹெட்டுக்கு நேராக இருக்கும் சின்னப் பஞ்சுத் திண்டு கழன்றிருந்தால், நாடாவை ஐந்து திருகாணி போட்ட நல்ல கூட்டுக்கு மாற்றிவிடுங்கள். அது கழன்ற கேசட்டில் ஒலி வந்து வந்து போகும்.

மந்தமான ஒலிக்கு வருவோம். பெரும்பாலும் காரணம் ஹெட்டின் கோணம். பதிவு செய்த கருவியின் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், உங்கள் டெக்கின் ஹெட் வேறு சாய்வில் இருக்கும். அந்த முடியளவு வித்தியாசத்தில் உச்ச ஒலிகள் முழுக்கப் போய்விடும். கேசட் ஓடும்போதே ஹெட்டின் பக்கத்தில், அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு திருகாணி தெரியும். அதன் ஆரம்ப நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டுக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஹை-ஹாட் தாளத்தட்டு "ஃப்ஃப்" என்பதிலிருந்து "ட்ஸ்" என்று கூர்மையாகும் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். கேசட்டைத் திருப்பிப் போட்டால் மறுபடி பார்க்க வேண்டும், இரு பக்கமும் ஒரே கோணத்தில் இருக்காது. இந்த ஒரு நிமிட வேலையில் கிடைப்பதை எந்த ஈக்வலைசரும் தராது.

நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்தே வையுங்கள். நடன அரங்கில் கையடக்க ரெக்கார்டரில் எடுத்தவற்றில் டால்பி இருக்க வாய்ப்பு குறைவு. லேபிளில் டால்பி பி என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும், ஹெட் கோணத்தைச் சரி செய்த பிறகு, டால்பி போட்டு இன்னொரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். கோணம் தப்பாக இருக்கும்போது டால்பி போட்டால் இருக்கிற உச்ச ஒலியையும் அது அமுக்கிவிடும்.

கணினியில் பதிவு செய்ய வேண்டியது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம், கூட்டம் விசிலடிக்கும் இடத்தை வைத்து அளவை முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி ஆகும், 90 நிமிட கேசட்டுக்கு 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 38 கேசட்டும் 90 நிமிடம் என்றாலும் 120 ஜிபிக்குள் அடங்கிவிடும். பதிவை ஆரம்பித்து, கேசட்டை ஓட விடாமல் 30 வினாடி வெறுமையைப் பிடியுங்கள். உங்கள் வீட்டு ஒயரிலிருந்து எவ்வளவு மின் ரீங்காரம் நுழைகிறது என்று அதில் தெரியும். அடுத்த வேலைக்கு அது வேண்டும்.

வேகம். ரெக்கார்டரின் பேட்டரி இறங்க இறங்க, பதிவாகும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதையே சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சிடும், பக்கத்தின் முடிவுக்குப் போகப்போக இன்னும் கூடும். காதால் குத்துமதிப்பாகச் சரி செய்பவர்கள் பலர். வேண்டாம், பதிவுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. ஜமைக்காவின் மின்சாரம் 110 வோல்ட், ஆனால் 50 ஹெர்ட்ஸ். பக்கத்து அமெரிக்காவைப் போல 60 இல்லை. சவுண்ட் சிஸ்டம் ஆம்பிளிஃபையரில் அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ரீங்காரமாகி, ஸ்பீக்கர் வழியாக கேசட்டில் ஏறியிருக்கும்.

பாட்டு நின்று டிஜே வெறுமனே பேசும் ஒரு 10 வினாடியைத் தேடுங்கள். அந்தத் துண்டின் நகலில் சாம்பிள் ரேட்டை 8,000 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து, ஆடாசிட்டியின் அலைவரிசை வரைபடத்தில் அளவு 65536 என்று வையுங்கள். அப்போது கோடுகள் 0.12 ஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் தெரியும். 50ஐ விட அதன் மூன்றாம் மடங்கான 150 தெளிவாக இருக்கும். அது 153.6இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150ஐ 153.6ஆல் வகுத்தால் 0.9766. அதாவது வேகத்தை 2.34 சதவீதம் குறைக்க வேண்டும். குறைக்கும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையையே பயன்படுத்துங்கள், தாளத்தை மட்டும் மாற்றுவதைத் தொடாதீர்கள். பேட்டரி இறங்கிய கேசட் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பகுதி பகுதியாகத் திருத்த வேண்டும். அரை சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அப்படியே விடுங்கள், கரண்டே அந்த அளவு ஏறி இறங்கும். ஜெனரேட்டரில் நடந்த ஆட்டம் என்றால் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

சில கேசட்டுகளில் 150க்கு அருகில் இரண்டு கோடுகள் தெரியலாம். அவற்றில் ஒன்று முதலில் பிடித்த 30 வினாடி வெறுமையிலும் இருந்தால், அது உங்கள் வீட்டு ஒயருடையது, அதை விட்டுவிடுங்கள். இரண்டுமே கேசட்டில் இருப்பவை என்றால், உங்களிடம் இருப்பது அசல் அல்ல, நகல். எது கிங்ஸ்டன் ரீங்காரம் என்று கண்டுபிடிக்க, பதிவு செய்தவர் இடையில் நிறுத்திய ஓர் இடத்தைப் பாருங்கள். அங்கே அறுபடுவதோ தாவுவதோ கிங்ஸ்டனுடையது. அறுபடாமல் தொடர்வது பின்னால் நகலெடுத்த வீட்டினுடையது.

இந்த ரீங்காரத்தை வடிகட்டி எடுக்கும் ஆசை வரும். ரெகேயில் அது பெரிய தவறு. பாஸ் கிட்டாரின் கீழ் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். 50ஐ வெட்டினால் அந்த ஸ்வரமும் போய்விடும், பாஸ் ஓட்டத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை கேட்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருளும் அப்படித்தான், எக்கோ தேய்ந்து மறையும் வாலை முதலில் தின்றுவிடும்.

தேதி விஷயத்தில் லேபிளை அப்படியே நம்பாதீர்கள். செலக்டர் போடும் தட்டுகளைக் கவனியுங்கள். லேபிளில் 1983 என்று இருக்க, உள்ளே ஸ்லெங் டெங் ரிதம் ஓடினால் லேபிள் தப்பு. அந்தக் கணினித் தாளம் ஆட்டங்களை உலுக்கியது 1985இல். பாப் மார்லி மறைந்தது 1981 மே 11, ஜமைக்காவில் தேர்தல் நடந்தது 1980 அக்டோபர் 30. டிஜேக்கள் நாட்டு நடப்பை உடனுக்குடன் பாடியவர்கள் என்பதால் இப்படிப்பட்ட குறிப்புகள் நிறையக் கிடைக்கும்.

ஒவ்வொரு பதிவோடும் ஓர் எழுத்துக் கோப்பு போக வேண்டும். சவுண்டின் பெயர், டிஜேக்கள், இடம், தேதி, அந்தத் தேதி எப்படித் தெரிந்தது, கூட்டத்தில் எடுத்ததா மிக்ஸரிலிருந்தா ரேடியோவா, எத்தனையாவது நகல், கேசட்டின் வகை, உங்கள் டெக்கின் மாடல், இன்டர்ஃபேஸ், செய்த திருத்தம். உறுதியில்லாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகத்தை உறுதி மாதிரி எழுதினால் அது பத்து வன்தட்டுகளுக்குப் பரவி உண்மையாகிவிடும். பதிவு செய்தவரின் பெயரை அவர் குடும்பம் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

பகிர்வதற்கு, ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம்தான். தரத்தைக் குறைத்துச் சுருக்கும் எம்பி3 ஆக்கி யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவர் அதைத் திரும்ப ஃபிளாக் ஆக்கி விட்டால், அடுத்தவருக்கு அது முழுத் தரப் பதிவு என்று போய்ச் சேரும். உங்களுக்கு வருவதையும் இதே கண்ணோடு பாருங்கள். அலைவரிசை வரைபடத்தில் ஒலி 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல் நின்றால் எம்பி3 சந்தேகம். ஆனால் எஃப்எம் ரேடியோவே 15 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும், 19இல் ஒரு மெல்லிய கோடும் தெரியலாம், அது குற்றம் இல்லை. கையடக்க ரெக்கார்டரின் பதிவு 10, 12இலிருந்தே சரிவாக மங்கும். ஒவ்வொரு தொகுப்போடும் செக்சம் கோப்பு வையுங்கள், கோப்பு வழியில் கெட்டதா என்று பெறுபவர் சோதித்துக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, காசு வாங்காமல் கொடுப்பதால் மட்டும் அது அனுமதி ஆகிவிடாது. பிரிட்டனில் பாடலை எழுதியவரின் உரிமை அவர் இறந்து 70 ஆண்டு நீடிக்கும். மேடையில் பாடியவரின் உரிமை குறைந்தது 50 ஆண்டு. ஜமைக்கா 2015 திருத்தத்தில் காப்புரிமைக் காலத்தை 95 ஆண்டாக நீட்டியது. உங்கள் கேசட்டுகள் பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள்ளேயே வரும். இன்டர்நெட் ஆர்க்கைவின் நேரடி இசைப் பகுதியும் அனுமதி தந்த கலைஞர்களின் பதிவுகளை மட்டுமே ஏற்கிறது. ஆகவே பொதுவெளியில் ஏற்றுவதற்கு முன் கலைஞரையோ சவுண்டை நடத்தியவரையோ தேடிக் கேளுங்கள், பலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முழுப் பிரதியை முதலில் அனுப்பிவிட்டுக் கேட்பதுதான் மரியாதை. தங்கள் இளவயதுக் குரல் தங்களிடமே இல்லாதவர்கள் அவர்களில் நிறைய.

அதிகாரபூர்வமாக வெளிவந்துவிட்ட கச்சேரியை யாருக்கும் கொடுக்காதீர்கள். உதாரணமாக, மார்லியின் கடைசிக் கச்சேரி, பிட்ஸ்பர்க் 1980 செப்டம்பர் 23, 2011இல் ஆல்பமாக வந்துவிட்டது. காசுக்கு விற்பது சேகரிப்பாளர்களிடையே என்றைக்கும் கெட்ட பெயர். வெற்று கேசட்டும் தபால் செலவும் மட்டும் வாங்கிக்கொண்டு நகலெடுத்துக் கொடுப்பதுதான் பழைய வழக்கம். கிங்ஸ்டனில் ஜமைக்கா தேசிய நூலகமும், லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியின் ஒலிக் காப்பகமும் இருக்கின்றன. மாற்றி முடித்த பட்டியலோடு அவர்களுக்கும் எழுதிக் கேட்கலாம்.

மாற்றி முடித்த கேசட்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி, பெட்டியில் நிற்க வைத்து, ஸ்பீக்கருக்கும் ஹீட்டருக்கும் தள்ளி வையுங்கள். வேவ் கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும். அதில் ஒன்று உங்கள் வீட்டு உரிமையாளருடைய வீடாக இருந்தால் நல்லது.