'டிவோட்டட் டு' வந்தால் அடுத்து என்ன?

கேள்வி: ஓய்வு பெறப்போகும் என் ஆசிரியைக்காக ஒரு மலர் தயாராகிறது. அதில் "ஷீ வாஸ் டிவோட்டட் டு டீச் சில்ட்ரன்" என்று எழுதிக் கொடுத்தேன். தொகுப்பவர் 'டீச்'சை 'டீச்சிங்' என்று மாற்றிவிட்டார். 'டு'வுக்குப் பிறகு 'இங்' வராது என்றுதானே படித்தோம்?

பதில்: மாற்றியவர் செய்தது சரி. ஆனால் உங்கள் குழப்பத்திலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு 'டு' ஆங்கிலத்தில் உண்டு. 'வான்ட் டு டீச்' என்பதில் இருக்கும் 'டு' வினைச்சொல்லோடு ஒட்டியது. 'டிவோட்டட் டு'வில் இருப்பதோ நம்முடைய 'கு' உருபு மாதிரி. கலைக்கு, குழந்தைகளுக்கு என்று பெயர்ச்சொல்லோடுதான் 'கு' சேரும், இல்லையா? 'கற்பிக்க' என்பதோடு அதை ஒட்ட முடியாது, முதலில் 'கற்பிப்பது' என்று பெயராக்கிக்கொண்டு அப்புறம் 'கற்பிப்பதற்கு' என்போம். அந்தக் 'கற்பிப்பது'தான் ஆங்கிலத்தில் 'டீச்சிங்'. தமிழில் யோசிக்காமலே சரியாகச் செய்வதைத்தான் அங்கேயும் செய்யச் சொல்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் 'டு'வுக்கு அடுத்து 'இட்' போட்டுப் பாருங்கள். 'டிவோட்டட் டு இட்' பொருள் தருகிறது, 'வான்ட் டு இட்' தரவில்லை. பொருள் தரும் இடத்தில் வினைச்சொல் வந்தால் 'இங்' சேருங்கள். 'கமிட்டட் டு', 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' எல்லாமே இந்த வகைதான்.

இதைவிட நான் அதிகம் பார்க்கும் பிழை 'டிவோட்டட் ஃபார்'. 'மக்களுக்காக வாழ்ந்தார்' என்று மனதில் ஓடுவதால் 'ஃபார்' தானாக வந்துவிடுகிறது, ஆனால் இந்தச் சொல்லுக்குத் துணை 'டு' மட்டுமே. 'டிவோஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கும் அப்படித்தான்: 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் பேசிய அதிபர் லிங்கன் 'டிவோஷன் டு தட் காஸ்' என்றார்.

இன்னொன்று, 'வாஸ்' விட்டுப்போய் 'ஷீ டிவோட்டட் டு டீச்சிங்' என்று அச்சேறிவிடக் கூடாது. எதை அர்ப்பணித்தார் என்று வாசிப்பவர் கேட்பார். 'வாஸ்' இல்லாமல் எழுதுவதானால் 'டிவோட்டட் ஹெர்செல்ஃப் டு டீச்சிங்' அல்லது 'டிவோட்டட் ஹெர் லைஃப் டு டீச்சிங்' என்று எழுத வேண்டும்.

கேள்வி: 'டிவோட்டட்' என்பதற்குப் பதிலாக 'டிவவுட்' அல்லது 'டெடிகேட்டட்' போடலாமா?

பதில்: 'டிவவுட்' வேண்டாம். அது பெரும்பாலும் இறைப்பற்றைச் சொல்வது, ஆசிரியை தீவிர பக்தை என்று படிப்பவர் நினைத்துவிடுவார். 'டெடிகேட்டட்' தவறில்லை, அதில் உழைப்பும் உறுதியும் தெரியும். ஆனால் 'டிவோட்டட்'டில் அன்பும் சேர்ந்து வருகிறது, அதனால்தான் 'டிவோட்டட் மதர்' என்பது அவ்வளவு இயல்பாக இருக்கிறது. அவர் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தவர் என்றால் நீங்கள் முதலில் எழுதிய சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.