சிற்றூர்த் திரைப்பட விழாக்களில் சப்டைட்டில் ஏன் பின்வரிசைக்குத் தெரிவதில்லை?

பெரிய நிறுவனங்களின் பணமில்லாமல் எடுத்த படங்களை சில நாட்கள் தொடர்ந்து காட்டுவதே சுயாதீனத் திரைப்பட விழா. கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் கல்யாண மண்டபமோ பள்ளி அரங்கமோதான்.

தியேட்டரில் தரை பின்னால் போகப் போக உயரும், மண்டபத்தில் சமதளம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலை ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கும். திரையின் கீழ் விளிம்பு 3 அடியில் தொங்கினால், படத்தின் அடியில் வரும் சப்டைட்டில் எழுத்து முழுக்கத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். சுசீந்திரம் தேரோட்டத்தில் பின்னால் நிற்பவருக்குத் தேரின் உச்சி தெரியும், வடம் தெரியாது. அதேதான்.

கீழ் விளிம்பை 5 அடிக்கு ஏற்றுங்கள். ப்ரொஜெக்டரை அண்ணாந்து வைத்தால் படம் மேலே அகன்று கோணலாகும். மேசையையும் சேர்த்து உயர்த்துங்கள். பின்வரிசையைப் பக்கவாட்டில் அரை நாற்காலி தள்ளிப் போடுங்கள். முந்தைய நாளே கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், முன்னால் ஆட்களை உட்காரவைத்து.

மலையாளப் படமென்றால் இந்த மாவட்டத்தில் பலர் எழுத்தில்லாமலே சமாளிப்பார்கள். ஈரானியப் படத்துக்கு முடியாது; பாதியில் எழுந்து போவார்கள். அதை ரசனைக் குறைவு என்பது அநியாயம்.

திரையைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூரை அதே உயரத்தில் இருக்கும்போது பெரிய திரையின் கீழ் விளிம்பு இன்னும் தாழத்தான் வரும்.