மகன் கேம் விளையாடுகிறானா, கேம் செய்கிறானா?

குன்னூரிலிருந்து ஒரு அப்பா கேட்கிறார்: "பத்தாவது படிக்கும் பையன் ராத்திரி பதினோரு மணி வரை லேப்டாப்பில் ஊட்டி மலை ரயில் கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறான். இது சோறு போடுமா?"

ஐயா, விளையாடுகிற பையனும் செய்கிற பையனும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "கல்லாறு தாண்டினதும் ரயில் எப்படிடா ஏறுது?" மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஸ்டேஷனிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை (தண்டவாளத்தின் நடுவே எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறப் பற்கள் இருக்கும்), 12 அடிக்கு 1 அடி ஏற்றம், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். இதைத் திரையில் ஓட வைக்கச் சாய்வு, வேகம், விசை மூன்றையும் அவன் கணக்காக எழுதியாக வேண்டும். அவனுடைய அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். முக்கோணவியலும் இந்த வருஷப் பாடம். அவன் சரளமாகப் பதில் சொன்னால் படிப்பு கெடவில்லை என்று அர்த்தம். மழுப்பினால் லேப்டாப்பை வாங்கி வையுங்கள்.

செலவு பற்றிப் பயப்பட வேண்டாம். கேம் செய்ய உதவும் ஸ்கிராட்ச், கோடோ என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். கோயம்புத்தூரில் பெரிய ஃபீஸ் கட்டி கேம் கோர்ஸில் சேர்ப்பது இப்போது தேவையே இல்லை. பாதியில் நின்றுபோகும் கேம்தான் அதிகம், அதுவும் ஆசை பெரிதாக இருப்பதால். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம் என்று முழுசாக ஆரம்பித்திருப்பான். கல்லாறு முதல் நடுவழியில் வரும் ஹில்குரோவ் ஸ்டேஷன் வரை போதும், அதை முடிக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட வேண்டாம், காப்புரிமைச் சிக்கல். நம் ஊர் மழைக்காலத்துக் கரண்ட்டை நம்பாமல் பென் டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும்.

பதினொன்றில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் குரூப் எடுக்கலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 200-க்குப் போடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் பாதி கணிதம்தான். நிரலைவிட ஓவியத்தில் கை ஓடுகிறது என்றால் சில ஐஐடி-களில் டிசைன் படிக்க யூசீட் நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதை எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். கேம் கம்பெனி வேலைக்குப் பெங்களூரு, புனே, ஹைதராபாத் போக வேண்டியிருக்கும். அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் அதே நிரல் திறமைக்கு வேறு மென்பொருள் வேலை உண்டு.

பதினோரு மணி மட்டும் கூடாது. ஒன்பதரைக்கு மூடட்டும். ஜனவரியிலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை ஞாயிறு மதியம் மட்டும்.