போர்க்காலத்துப் பிரெஞ்சுக் கண்காட்சிச் சுவரொட்டிகள்: கேள்வி பதில்

சுந்தர்: '1916 லியோன் வர்த்தகக் கண்காட்சி' என்று ஒரு சுவரொட்டி விலைக்கு வந்திருக்கிறது. உலகப் போர் நடுவே கண்காட்சியா? ஆண்டே இடிக்கிறதே, சார்?

ஆண்டு சரிதான். பிரான்சின் லியோன் நகரில் முதல் கண்காட்சி 1916 மார்ச் 1-இல் தொடங்கியது. அதே நாட்டின் வெர்தானில் ஜெர்மனியோடு பெரும் சண்டை மூண்டு பத்து நாள்கூட ஆகவில்லை. அதுவரை மாதிரிப் பொருளைப் பார்த்து ஆர்டர் கொடுக்க ஐரோப்பிய வியாபாரிகள் போன இடம் ஜெர்மனியின் லைப்சிக். போரில் அந்தக் கதவு அடைபட்டது. அந்த வியாபாரத்தை அப்படியே தன் ஊருக்கு இழுக்கப் பார்த்தார் லியோன் மேயர் எதுவார் எரியோ. கட்டடம்கூடக் கிடையாது, ரோன் ஆற்றங்கரை நெடுக மரத்தாலான தற்காலிகக் கடைகள் போட்டார்கள். லைப்சிக்கும் சும்மா இருக்கவில்லை. இன்றும் புழங்கும் அதன் இரட்டை 'எம்' சின்னம் 1917-இல் வந்ததுதான்.

கவிதா: போர்க்காலச் சுவரொட்டி என்றால் சிப்பாய் இருக்க வேண்டாமா?

அது மக்களிடம் போர்க்கடன், தங்கம் கேட்ட சுவரொட்டிகளில். ஆபெல் ஃபேவ்ர் 1915-இல் வரைந்ததைப் பாருங்கள்: தங்க நாணயத்திலிருந்து பிரான்சின் சின்னமான சேவல் பாய்ந்து ஜெர்மன் சிப்பாயைக் கொத்தும். அது உள்ளூர்க்காரனின் ரோஷத்தைக் கிளற. கண்காட்சிக்கு வெளிநாட்டு வியாபாரியும் வர வேண்டும். அவனைப் பயமுறுத்தினால் ஆர்டர் எங்கிருந்து வரும்? என்னைக் கேட்டால், படத்தைவிட அதிலுள்ள தேதிதான் துணிச்சல்.

இம்ரான்: அசலா மறுபதிப்பா, எப்படிப் பார்ப்பது?

உருப்பெருக்கியை எடுங்கள். அசல் அந்தக் காலக் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டது. அதில் நிழல் பகுதி சொரசொரப்பாக, ஒழுங்கில்லாத மணல் தூவியதுபோல இருக்கும். படம் முழுக்க வரிசை பிசகாத புள்ளிகள் என்றால் பெரும்பாலும் பிற்காலத்து நகல். அப்புறம் ஓரத்தில் பொடி எழுத்தைத் தேடுங்கள். அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1881-ஆம் ஆண்டுச் சட்டம். ஓரத்தையே வெட்டியிருந்தால் ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

மீனா: வரிவில்லை ஒட்டாதது போலியா, அண்ணா?

அவசியமில்லை. சுவரில் ஒட்டும் பிரதிக்கு வரி கட்டியதைக் காட்டத்தான் அந்த வில்லை. இது சுவருக்கே போகாமல் அச்சடித்த கட்டுக்குள்ளேயே தங்கிய பிரதியாக இருக்கலாம். தாளும் நன்றாக இருக்கும்.

ராஜேஷ்: மடிப்பு விழுந்திருக்கிறது. லேமினேட் செய்துவிடவா?

ஐயோ, வேண்டாம்! பிறகு பிரிக்கவே முடியாது. மடித்து வைப்பது அந்தக் கால வழக்கம்தான், மடிப்பால் மதிப்பு பெரிதாகக் குறையாது. கிழிசல் இருந்தால் மட்டும், தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுத்துப் பின்னால் துணி ஒட்டச் சொல்லுங்கள். பசை தண்ணீரில் கரைவதாக இருக்கட்டும்.