சென்னையில் ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு வருமானம் வேண்டும்?

வாடகை வீட்டில் இருக்கும் நான்கு பேர் கடன் வாங்காமல் மாதக் கடைசியைத் தாண்டத் தேவையான தொகையைத்தான் இங்கே ‘போதுமான வருமானம்’ என்கிறேன். அது எல்லாருக்கும் ஒன்றல்ல. எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

காரணம் நிலம். கிழக்கே கடல், நகரம் மற்ற மூன்று பக்கம்தான் விரிய முடியும். வேலையோ கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலை என்று சில இடங்களில் குவிந்திருக்கிறது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது போலத்தான்: சாப்பாடு எல்லாப் பந்திக்கும் ஒன்றே, தட்டுப்பாடு இடத்துக்கு. அரிசி, பருப்பு விலை மதுரைக்கும் சென்னைக்கும் பெரிதாக மாறாது, வாடகை மாறும்.

உதாரணத்துக்கு வாடகை 15,000 ரூபாய் என்று வையுங்கள். மளிகை, பால், காய்கறி, கேஸ் 13,000, பள்ளிக் கட்டணத்தை 12 மாதத்துக்குப் பிரித்தால் 7,000, போக்குவரத்து 4,000, மின்சாரம், தண்ணீர், போன் 3,000. ஆக 42,000. மருத்துவத்துக்கும் சேமிப்புக்கும் 8,000 சேர்த்தால் 50,000. அந்தக் கடைசி 8,000-ஐ மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் வட்டிக்கு வாங்காமல் காப்பாற்றுவது அதுதான். ரேஷன் அரிசியும், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் இருக்கும் இலவசப் பயணமும் நன்றாகவே கைகொடுக்கும். அப்புறம், வீடு மாறும்போது பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். அது இந்தக் கணக்கில் இல்லை.

புறநகருக்குப் போனால் செலவு தானாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள்: வாடகை குறையும், சரி, ஆனால் ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, கோடையில் தண்ணீர் லாரி என்று அந்த மிச்சத்தில் ஒரு பங்கு திரும்பப் போய்விடும்.