ஷியாமெனில் ஓர் ஆசிரியையின் சனி, ஞாயிறு

அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன். ஆகஸ்டில் சீனாவின் ஷியாமெனுக்குக் கணக்கு டீச்சராக வருகிறீர்கள். விடுமுறை நாளில் என்ன செய்வது, தனியாக ஒரு பெண் சுற்றலாமா, சைவம் கிடைக்குமா என்பவை உங்கள் கேள்விகள்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். சுற்றலாம். இரவு பத்து மணிக்கும் கடற்கரைச் சாலையில் பெண்கள் தனியாக ஓடிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பார்கள். பயப்பட வேண்டியது நடைபாதையில் சத்தமே இல்லாமல் பின்னால் வரும் மின்சார ஸ்கூட்டர்களுக்கு மட்டும்தான்.

வந்த முதல் சனிக்கிழமையே எல்லோரும் குலாங்யூ தீவுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். அது நல்ல இடம்தான். 2 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவு, கார் கிடையாது, சாமான்களைக்கூடக் கைவண்டியில்தான் இழுத்துப் போவார்கள். பழைய தூதரகக் கட்டடங்களும் பியானோ அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் சனிக்கிழமை காலையில் போனால் சுற்றுலா வழிகாட்டிகளின் மைக் சத்தம்தான் காதில் விழும். பள்ளி இல்லாத ஒரு வார நாளில், அதுவும் குளிர்காலத்தில் போங்கள். படகுச் சீட்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பகலில் வெளியூர்க்காரர்களுக்கான படகு வேறு துறையிலிருந்து கிளம்பும், நகர மையத்தில் இருக்கும் துறை உள்ளூர்க்காரர்களுக்கு. இது தெரியாமல் தவறான துறையில் போய் நிற்பவர்களை வாராவாரம் பார்க்கலாம்.

முதல் சனிக்கிழமைக்கு என் யோசனை மெட்ரோ. முதலாம் வழித்தடத்தில் ஏறி ஜிமேய் பக்கம் போங்கள். ஷியாமென் நகரமே ஒரு தீவில்தான் இருக்கிறது; அந்தத் தீவை விட்டு வெளியேறும்போது ரயில் சுரங்கத்திலிருந்து மேலே வந்து, கடலை ஒட்டியே ஓடும். ஜன்னலில் தண்ணீர் தெரியும். ஜிமேய் என்பது சிங்கப்பூரில் ரப்பர் வியாபாரத்தில் சம்பாதித்த டான் கா கீ பிறந்த ஊர். சம்பாதித்ததைப் பள்ளிக்கூடங்களாகக் கட்டித் தள்ளினார். 1913இல் இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்து, 1921இல் ஷியாமென் பல்கலைக்கழகம் வரை போனார். மேலே சீனக் கூரை, கீழே மேற்கத்தியச் சுவர் என்று அவர் காலத்துக் கட்டடங்கள் ஒரு தனி மாதிரி. கடலோரத்தில் அவருடைய சமாதித் தோட்டம் இருக்கிறது. வாத்தியார் வேலைக்கு வருகிறவர் பார்க்க வேண்டிய இடம்.

சைவம் பற்றி. நான்புதுவோ கோயிலுக்குள்ளேயே சைவ உணவகம் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். வெளிக்கடைகளில் கவனமாக இருங்கள். இந்த ஊரின் பெயர்பெற்ற சாச்சா நூடுல்ஸ் பார்த்தால் வேர்க்கடலைக் குழம்பு மாதிரி இருக்கும், வாசமும் நமக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மசாலாவில் காய்ந்த இறாலும் மீனும் அரைபட்டிருக்கும். மேலே எதுவும் போடாதே என்று சொன்னாலும் அது சைவம் ஆகாது. முட்டையும் மீனும் சாப்பிடுவீர்கள் என்றால் சிப்பி ஆம்லெட்டை விடாதீர்கள். கடல் புழுவைப் போட்டு உறைய வைத்த ஜெல்லி ஒன்றை உள்ளூர் சகாக்கள் நீட்டுவார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள். வேர்க்கடலையை வெண்ணெயாகக் கரையும்வரை வேகவைத்த இனிப்புக் கஞ்சி காலையில் கிடைக்கும், அதை நம்பிக் குடிக்கலாம். பால் டீயை மட்டும் மறந்துவிடுங்கள். கடைக்குள் நுழைந்தாலே சின்னஞ்சிறு கோப்பையில் ஊலாங் ஊற்றித் தருவார்கள். வாங்காமல் எழுந்து வந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஷியாமெனில் வேலை கிடைத்த தமிழர் ஒருவர் செய்யக்கூடிய நல்ல காரியம், மாதத்தில் ஒரு ஞாயிறை சுவான்சோவுக்கு ஒதுக்குவது. அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். (குவாங்சோ வேறு ஊர், பல மணி நேரப் பயணம். சீட்டு எடுக்கும்போது எழுத்தைப் பார்த்து எடுங்கள்.) சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில் சுவான்சோ உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபு வணிகர்கள் வந்தார்கள், நம் ஆட்களும் வந்தார்கள். வந்து கோயிலும் கட்டினார்கள்.

686இல் தொடங்கிய கையுவான் புத்த கோயிலுக்குப் போனால் கூட்டமெல்லாம் இரண்டு கல் கோபுரங்களையும் பெரிய மண்டபத்தின் முகப்பையும் படம் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே இரண்டு கல் தூண்கள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். கிட்டே போய்ப் பார்த்தால் வட்டத்துக்குள் நரசிம்மர், உரலோடு மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். இடிந்துபோன சிவன் கோயில் ஒன்றின் தூண்கள், புத்த கோயிலைப் பழுதுபார்த்தபோது இங்கே வந்து சேர்ந்துவிட்டன. விளக்கப் பலகையைத் தேடாதீர்கள், நமக்குக் கதை தெரியும்.

அந்தக் கோயிலைப் பற்றி ஒரு தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, அதாவது 1281, சித்திரை மாதம். குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலனுக்காக இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது, கடைசியில் ஒரு வரி சீனத்தில். ஊரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இந்துச் சிற்பங்களுக்கென்றே இடம் உண்டு. யானை லிங்கத்துக்குப் பூப்போடும் சிற்பத்தைப் பார்த்துவிட்டு திருவானைக்கா ஞாபகம் வராமல் யாரும் திரும்பியதில்லை. 1009இல் கட்டிய சிங்ஜிங் மசூதியும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நேரம் இருந்தால் லோயாங் பாலம். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தார்கள். அடிக்கற்கள் அசையாமல் இருக்க அவற்றின்மேல் சிப்பிகளை வளரவிட்டார்கள், அவை கல்லோடு கல்லை ஒட்டிவிட்டன. கணக்கு டீச்சர் இதை வைத்து ஒரு பாடமே எடுக்கலாம்.

பக்கத்தில் சுன்பு என்ற மீனவர் கிராமம். பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பார்கள். இப்போது நாடெங்கும் இருந்து பெண்கள் வந்து காசு கொடுத்து அந்தப் பூ அலங்காரம் செய்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் சிப்பி ஓடுகளால் எழுப்பிய வீட்டுச் சுவர்களுக்காக ஒருமுறை போகலாம். பூ வைத்துக்கொள்வதை மட்டும் யார் வேண்டாம் என்பது!

இனி நாள், நேரம் பற்றிச் சில. அக்டோபர் முதல் வாரமும் மே மாதத் தொடக்கமும் நாடே ஊர் சுற்றும். அப்போது வீட்டில் இருந்து துணி துவையுங்கள். நீண்ட விடுமுறை தந்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு சனியையோ ஞாயிறையோ வேலை நாளாக்கிவிடுவார்கள். உங்கள் பள்ளி அதைப் பின்பற்றுகிறதா என்று முன்பே கேட்டுக்கொண்டு பயணம் போடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். 2016 செப்டம்பர் 15 அதிகாலை மெராண்டி புயல் ஷியாமெனில்தான் கரையேறியது, தெருவெல்லாம் மரம் சாய்ந்தது. எச்சரிக்கை வந்தால் வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்குப் போகக் கூடாது. குளிர்காலத்தில் வெப்பநிலை 10 டிகிரிக்குப் பக்கம்தான், ஆனால் கட்டடங்களில் சூடேற்றும் வசதி இருக்காது. வெளியில் இருப்பதைவிட வகுப்புக்குள் குளிரும். வசந்தத்தில் சுவரும் தரையும் வியர்க்கும், ஜன்னலைத் திறக்காதீர்கள்.

நடு இலையுதிர் விழாவுக்கு முன்னால் பள்ளியில் உங்களை ஒரு மேசைக்கு இழுப்பார்கள். கிண்ணத்தில் ஆறு தாயக்கட்டை போட்டு ஆடும் பரிசு விளையாட்டு, இந்த வட்டாரத்துக்கே உரியது. மொத்தம் 63 பரிசு, பெரியது ஒன்றே ஒன்று. நான்கு நான்குகள் விழுந்தால் கத்துங்கள், அது பெரிய பரிசுக்கான விழுதல். சீனம் ஒரு வார்த்தை தெரியாமலே சகாக்களோடு ஒட்டிக்கொள்ள அந்த ஒரு மாலை போதும். அதனால் செப்டம்பரில் அழைப்பு வந்தால் தலைவலி என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்.

கிளம்பும் முன் பணம் செலுத்தும் ஆப்பான அலிபேயை இறக்கி உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள், ரயில் சீட்டு எடுக்கும் ஆப்பில் பாஸ்போர்ட்டைப் பதிவுசெய்துவிடுங்கள். பள்ளி தீவுக்குள்ளா, ஹாய்சாங் பக்கமா, ஜிமேயா? அதைச் சொன்னால் எந்த ரயில் நிலையத்திலிருந்து சுவான்சோ போவது வசதி என்று எழுதுகிறேன்.