கேஷ், காசு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில ‘கேஷ்’ நம் ‘காசு’விலிருந்து போனது என்று வாட்ஸாப்பில் படித்தேன். மகள் அதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை அது பிரெஞ்சுச் சொல் என்று மறுத்துவிட்டாராம். எது சரி?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

கடையில் கொடுக்கிற கேஷ் என்றால் ஆசிரியை சொன்னதே சரி. லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ என்றாகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது பணப்பெட்டிக்கும் அதே பெயர், உள்ளே இருந்த பணத்துக்கும் அதே பெயர். பெட்டி என்ற பொருள் பிறகு வழக்கொழிந்தது. கேப்ஸ்யூல் மாத்திரையும் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் பெரிய ஆங்கில அகராதிகளில் இன்னொரு ‘கேஷ்’ தனிச்சொல்லாக இருக்கும். அது நம்முடையது. நம் கடற்கரைகளில் ‘காசு’ என்று கேட்ட போர்த்துகீசியர் அதை ‘காயிஷா’ என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் அதற்கு ஏற்கெனவே பெட்டி என்று பொருள். அதுவும் காப்ஸாவின் வழிவந்ததே. வேறு வேறு சொற்கள் ஒரே உருவத்துக்குள் போய்விட்டது இப்படித்தான். ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, சீனாவின் சதுர ஓட்டைக் காசையும் சேர்த்து ‘கேஷ்’ என்றார்கள். சீனர்கள் அப்படிச் சொன்னதே இல்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னைக் கணக்கிட்ட காசு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மதராஸில் செம்புச் சில்லறையாகிவிட்டது. 80 காசு ஒரு ‘பணம்’ என்ற சிறு நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். 1808இல் பர்மிங்காமில் அச்சடித்த நாணயத்தின் ஒரு முகத்தில் கம்பெனியின் சின்னம். மறுமுகத்தில் ‘பத்து காசு இரண்டு ஃபுலூஸ்’ (ஃபுலூஸ் என்றால் செப்புக்காசு) என்று பாரசீகத்தில் இருக்கும், அடியில் ரோமன் எண்ணோடு ஆங்கிலத்தில் ‘X கேஷ்’. இவற்றை டன் கணக்கில் ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அவற்றை அள்ளியெடுத்தார்கள். அதனால்தான் இன்றும் அவை நாணயம் சேர்ப்பவர்களுக்கு மலிவாகக் கிடைக்கின்றன.

நமக்கு உண்மையிலேயே இவ்வளவு இருக்கும்போது, இல்லாத உரிமையை எதற்குக் கோர வேண்டும்? வாட்ஸாப் தமிழ்ப்பெருமையில் எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

அப்புறம், ஆங்கிலத்தில் ராணுவ அதிகாரியை அவமதித்துப் பதவிநீக்குவதையும் ‘கேஷியர்’ என்பார்கள். காசாளருக்கும் அதற்கும் உறவில்லை. அது டச்சு வழியாக வந்த வேறு சொல்.